உயிர்க் காலேஜும் ஓய்வு நாளும்

மனிதன் உழைக்கப் பிறந்தவன் என்று சொல்லுவோர் பலர். மனிதன் ஓய்வுக்கும் உரியவன் என்று சொல்லுவோர் சிலரே. அச்சிலரும், ஓய்வு நாளை எவ்வாறு கழிப்பது என்ற கேள்வி எழும்போது மௌனமாகி விடுகின்றனர். உண்டு உறங்குவதே ஓய்வு என்பது நம்மவருள் பெரும்பாலோருடைய எண்ணம். கோயில் திருவிழாவுக்கும், கலியாணத்துக்கும், கருமாதிக்கும் குடும்பத்தோடு புறப்படுகின்றோம். ஆனால், புதியதொன்றைக் கண்டு, அதைப்பற்றிப் பேசி மகிழ்ந்து திரும்புவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குவது, பணமும் பொழுதும் மிகுந்தவர்க்கு உரிய ஆடம்பரம் என்று கருதுகின்றோம். இவ்வெண்ணம் நம்முடைய சோம்பலால் வந்ததன்று. நெடுங்காலம் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தமையால் வந்தது. மிருகக்காட்சி சாலையின் சரித்திரம் ஒன்றை மட்டும் எடுத்து ஆராய்வோமாயின் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

பினாங்கிலே ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயரைக் கொண்ட ஊர். அம்மரத்தின் பால் ஒரு காலத்தில் மெல்லும் மிட்டாய் செய்வதற்கு அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த அவ்வூரில் ஒரு தகப்பனும் தாயும் தம் மக்களுக்குப் புலியையும் யானையையும் காட்டிவர எண்ணுவார்களாயின், மூன்று கேள்விகள் உடனே எழும். எந்த நாளில் போவது? எவ்வளவு காசு ஆகும்? யார் யார் போவது? இம்மூன்றும் அவ்வீட்டின் அடுக்களையில் மட்டும் எழுந்த கேள்விகள் அல்ல. 200 ஆண்டுகளாக உலகத்தின் பெருநகரங்களில் எழுந்து, சிறிது சிறிதாக விடை கண்ட கேள்விகள்.

அரசர் வாயில்

காட்டு விலங்குகளைக் கூண்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அரண்மனைகளிலே தொடங்கியது. புலியும் சிங்கமும் வைத்திருப்பது, யானைப்படை வைத்திருப்பதுபோல, அரசனுடைய வலிமைக்கு அடையாளம். இலண்டன் கோட்டையிலே 13-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு சிங்கங்கள் இருந்தன. 1252-இல் நார்வே அரசர் ஒரு வெண்கரடியை அனுப்பினார். 1255-இல் பிரெஞ்சு மன்னர் ஒரு யானையை அனுப்பினார். ஓர் அரசர் மற்றோர் அரசருக்கு அனுப்பும் வரிசைப் பொருள்களாகவே அவ்வுயிர்கள் கடல் கடந்தன. பிற்காலத்தில் அக்கோட்டைக்குள் பொதுமக்கள் புக இடம் கொடுத்தபோது, காசு இல்லாதவன் சிங்கத்துக்கு இரையாக ஒரு பூனையையோ நாயையோ கொண்டுவந்தால் போதும் என்ற விதியும் இருந்ததாகச் சொல்லுவர்.

ஆஸ்திரிய நாட்டின் வீயன்னா நகரில், ஷேன்புருன் அரண்மனைத் தோட்டத்தில், 1752-இல் அமைக்கப்பட்ட மிருகசாலையே இன்றளவும் நிலைத்திருப்பவற்றுள் மிகப் பழமையானது. அதுவும் அரச குடும்பத்தார் அமர்ந்து கண்டு களிப்பதற்கென்றே கட்டப்பட்டது. பிரெஞ்சு தேசத்தில் மக்கள் புரட்சி எழுந்து, அரசனுடைய முடி வீழ்ந்த பின்னர், வெர்சேல்ஸ் அரண்மனையில் எஞ்சியிருந்த விலங்குகள் 1794-இல் பாரிஸ் நகரத்துத் தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அரசன் ஒருவனுக்கு உரியனவாக இருந்தவை குடிமக்கள் அனைவருக்கும் உரியன ஆயின. ஓர் அரசு மாறியபோது சிங்கத்தின் உடைமையாளரும் மாறினர் என்பது சிந்திக்கத்தக்கது.

பினாங்கில் வேலை பார்த்த ஒருவர்

இலண்டன் நகரத்து மிருகக்காட்சி சாலைக்கும் நம் பினாங்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிங்கப்பூரை நிறுவியவர் என்று பாடப் புத்தகங்களில் படிக்கின்றோமே, அந்த ஸ்டாம்போர்டு இராபிள்ஸ், 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவிச் செயலாளராகப் பினாங்கில் வந்திறங்கியவர். மலாய் மொழியில் அவர் நன்கு பழகியதும் இங்கேதான். பின்னர் அவர் சுமத்திராவில் அதிகாரியாக இருந்தபோது, இந்நாட்டுக் கரடிக் குட்டி ஒன்றைத் தம் பிள்ளைகளோடு பிள்ளையாக வீட்டில் வளர்த்தார். 1824-இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிய கப்பல் தீப்பற்றி எரிந்து, அவர் சேர்த்திருந்த உயிர்களும் ஏடுகளும் அழிந்தன. எனினும் அவர் முயற்சி தளரவில்லை. 1826-இல் இலண்டன் விலங்கியல் சங்கம் அவருடைய முயற்சியால் தோன்றியது. அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். 1828-இல் சங்கத்தின் தோட்டம் திறக்கப்பட்டது.

யாருக்குத் திறக்கப்பட்டது? சங்கத்து அங்கத்தினருக்கு. பிறர் உள்ளே செல்ல வேண்டுமாயின், அங்கத்தினர் ஒருவருடைய கடிதமும் ஒரு ஷில்லிங்கும் கொண்டுவர வேண்டும். கடிதம் எழுதிக் கொடுக்கத்தக்க கனவானை ஆலைத் தொழிலாளி எங்கே போய்த் தேடுவான்? 1847-இல்தான் கடிதம் இல்லாமலே காசு கொடுத்து உள்ளே போகலாம் என்று ஆயிற்று. பின்னர்த் திங்கட்கிழமைகளில் கட்டணம் அரை ஷில்லிங்காகக் குறைந்தது. ஏழைகளும் வரலாயினர். ஆனால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கத்தினருக்கும் அவர்தம் விருந்தினருக்கும் உரியதாகவே நெடுங்காலம் இருந்தது.

இதன் பொருளை நன்கு கவனிக்க வேண்டும். தொழிலாளிக்கு வாரத்தில் ஓய்வுள்ள நாள் ஞாயிறு. அன்றைக்கு அவனுக்கு வாயில் அடைப்பு. அவனுக்கு வாயில் திறந்திருந்த திங்கட்கிழமையிலோ அவன் கூலியை இழந்தாலன்றிப் போக முடியாது. கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. அவனுக்கு ஒரு நாளும் வேண்டும். 1871-இல் இங்கிலாந்தில் சர்க்கார் விடுமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, ஆண்டில் சில திங்கட்கிழமைகள் பொது விடுமுறையாயின. அதன் பிறகே குடும்பம் குடும்பமாக அவர்கள் வெளியே புறப்பட்டனர். காசு என்னும் பூட்டு ஒன்று. காலம் என்னும் பூட்டு மற்றொன்று. இரண்டும் திறந்தாலன்றி வாயில் திறந்ததாகாது.

செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

இனி நம் தாய்நாட்டுக்கு வருவோம். 1851-இல் சென்னையில் சர்க்கார் மியூசியம் தொடங்கப்பட்டது. அது முதலில் கோட்டைக் காலேஜ் கட்டடத்தின் மாடியில் இருந்தது. பின்னர் எழும்பூரில் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியது. அதன் தலைவராக இருந்த எட்வர்டு பால்பர் என்னும் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். பாடம் செய்து வைத்த பறவைகளையும் எலும்புகளையும் காண வருவோரைவிட, அங்கே கட்டி வைத்திருந்த உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் காண வருவோர் மிகப் பலராக இருந்தனர். உயிரை உயிர் இழுக்கும் என்பதை அவர் உணர்ந்தார். கர்நாடக நவாபினிடத்தில் இருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். 1855-இல் மியூசியத் தோட்டத்திலேயே ஒரு மிருகசாலை தோன்றியது. இந்தியாவில் பொதுமக்களுக்கென்று எழுந்த மிருகசாலைகளுள் மிகப் பழமையானவற்றுள் இஃது ஒன்று. அடுத்த ஆண்டுக்குள் 300-க்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே சேர்ந்தன. இங்கேயும் ஒரு நவாபின் உடைமை நகரத்தின் உடைமையாக மாறியதைக் காண்க.

1863-இல் அம்மிருகசாலை சென்டிரல் ரயில் நிலையத்துக்கு அருகே ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. பெயரிலேயே மக்கள் என்னும் சொல் இருப்பதை நோக்குக. சென்னைச் சாமானிய மக்கள் அவ்விரண்டு இடங்களுக்கும் தாமே பெயர் சூட்டினார்கள். மியூசியம் ‘செத்த காலேஜ்’. மிருகசாலை ‘உயிர்க் காலேஜ்’. மியூசியம் முதலில் காலேஜ் கட்டடத்தில் இருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். காரணம் எதுவாயினும், அப்பெயரில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. காலேஜ் வாயிலை ஒருநாளும் மிதியாத மக்கள், எழுத்து வாசனை அறியாத தாய்மார்கள், தாமும் போய்ப் படிக்கத்தக்க ஒரு காலேஜ் உண்டு என்று கண்டு, அதற்கு அப்பெயரை இட்டனர். புஸ்தகம் வேண்டாத காலேஜ். கண்ணும் கேள்வியும் இருந்தால் போதும்.

காணும் பொங்கலன்று சுற்றுப்புறத்துக் கிராமத்தார் கட்டுச்சோற்று மூட்டையோடு பட்டணம் வந்து, இவ்விரண்டு காலேஜையும் கண்டு, கடற்கரையில் காற்று வாங்கித் திரும்புவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தமிழர்க்கு ‘காண்பது’ என்பதற்கென்றே ஒரு பண்டிகை நாள் இருக்கின்றதல்லவா? உற்றாரைக் காண்பதற்கு ஏற்பட்ட நாளில் உலகத்தையும் காணலாம் என்று விரித்துக் கொண்டவர்கள் சாமானிய மக்களே. 1985-இல் அம்மிருகசாலை வண்டலூரில் சுமார் 510 ஹெக்டேர் நிலத்தில் புதிதாகத் திறக்கப்பட்டது. இன்றும் காணும் பொங்கலன்று அங்கே பல்லாயிரவர் திரளுகின்றனர்.

ரப்பரும் புலியும் பிறந்த தோட்டம்

சென்னையில் கப்பல் ஏறி இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர்க்கு இங்கே எவ்விதக் காட்சி கிடைத்தது? சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1875-இல் சர்க்கார் ஒரு மிருகசாலையை ஏற்படுத்திற்று. காண்டாமிருகம், கங்காரு முதலியவை பரிசாக வந்தன. பராமரிக்கப் பணம் போதாமல் 1905-இல் அது மூடப்பட்டது. ஆனால் அத்தோட்டத்திலேயே வேறொன்று வளர்ந்தது. 1877-இல் ரப்பர் மரத்தின் 22 கன்றுகள் இங்கிலாந்திலிருந்து அங்கே வந்து சேர்ந்தன. 1888-இல் தோட்டத் தலைவரான ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் வடிக்கும் முறையைக் கண்டறிந்து, ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்டத்துரைமாரை ஓயாமல் வற்புறுத்தினார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவரை நகைத்தார்கள். சில ஆண்டுகளில் நகைத்தவர்களே காட்டை வெட்டத் தொடங்கினார்கள்.

அவர்களா வெட்டினார்கள்? வெட்டியவர்கள் நம்மவர்களும் பிற தொழிலாளரும். காட்டை அழித்து, கன்று நட்டு, மரம் சீவி, பால் சுமந்து, லயத்திலே வாழ்ந்து மடிந்தவர்கள் நம்முடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும். அக்காடு புலியின் வீடு. தோட்டம் வந்தபோது புலி தன் காட்டை இழந்தது. தமிழன் தன் ஊரை விட்டு வந்தான். இருவரையும் இடம் பெயர்த்த கை ஒன்றே. இன்றைக்கு மலேசியக் காடுகளில் வாழும் புலிகள் 150-க்கும் குறைவு என்று அண்மையில் எடுத்த கணக்குச் சொல்லுகின்றது. ஆதலால், தோட்டக்காட்டுக் குடும்பம் ஒன்று புலிக்கூண்டின் முன் நிற்கும்போது, அங்கே நிற்பது வெறும் வேடிக்கை அன்று. தன் குடும்பச் சரித்திரத்தின் மறுபாதியை அது காண்கின்றது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், ‘அதோ பார் புலி’ என்று மட்டும் காட்டிவிட்டு வருவது பாதி பார்த்ததேயாகும்.

சர்க்கார் கைவிட்டதை இந்தியர் ஒருவர் கையேற்றார் என்பதும் நாம் அறியத்தக்கது. வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா என்னும் செல்வர், 1928-இல் சிங்கப்பூர்ப் பொங்கோல் கடற்கரையில் சொந்தச் செலவில் ஒரு பெரிய மிருகசாலை நடத்தினார். பழக்கிய புலி ஒன்றை அவர் வெளியே அழைத்துச் செல்லுவார் என்று பலரும் எழுதியிருக்கின்றனர். 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, அந்நிலம் பிரிட்டிஷ் படைக்குத் தேவைப்பட்டது. விலங்குகளை வேறிடம் கொண்டுபோகப் பொழுது போதவில்லை. கொடிய விலங்குகள் சுடப்பட்டன. ஏனையவை திறந்து விடப்பட்டன. மறு ஆண்டே பாசப்பா இறந்தார். அதே 1942-இல் சென்னை உயிர்க் காலேஜிலும், ஜப்பானியர் குண்டு வீசினால் கூண்டு உடைந்து அவை ஊருக்குள் புகும் என்னும் அச்சத்தால், கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. கடலின் இரு கரையிலும், மனிதர் தம்முள் செய்த சண்டைக்கு, வாயில்லா உயிர்கள் பலியாயின.

கூண்டின் இருபுறம்

வாயிலுக்குள் விடப்படாதவர் ஒரு சாரார் என்றால், வாயிலுக்குள்ளே காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டவர் மற்றொரு சாரார். ஜெர்மன் தேசத்து மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக், 1870-களிலிருந்து, விலங்குகளோடு அயல்நாட்டு மனிதர்களையும் கொண்டுவந்து, ஐரோப்பிய நகரங்களின் மிருகசாலைகளிலே காட்டிப் பணம் ஈட்டினார். 1883-இல் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களும் அவ்வாறு கொண்டுபோகப்பட்டனர். அவர்கள் சமைப்பதையும், ஆடுவதையும், பிள்ளையைத் தாலாட்டுவதையும், கட்டணம் கொடுத்தவர்கள் நின்று பார்த்தனர். அந்த ஹாகன்பெக்தான் 1907-இல் ஹாம்பர்க்கு அருகே இரும்புக் கம்பிகளை நீக்கி, அகழி ஒன்றை மட்டும் இடையில் வைத்து விலங்குகளைத் திறந்த வெளியில் உலாவவிடும் புதிய முறையைக் கண்டவரும் ஆவார். மிருகத்துக்குக் கம்பியை நீக்கத் தெரிந்த அறிவுக்கு, மனிதனை மனிதனாகக் காணத் தெரியவில்லை!

நம்மைச் சேர்ந்த மனிதர் காணப்படும் பொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நாம் காண்பவராக, கேள்வி கேட்பவராக, சீட்டு வாங்கி நேராக நுழைபவராக இருக்கின்றோம். இம்மாறுதலின் அருமையை உணராதவரே, ‘மிருகத்தைப் பார்த்து என்ன ஆகப் போகிறது?’ என்று கேட்பார்கள்.

நமக்குத் திறந்த வாயில்கள்

மலாயாவிலும் இச்சரித்திரம் அவ்வாறே நடந்தது. ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 1928-இல் தமக்கென்று ஒரு மிருகசாலை அமைத்தார். அது 1962-இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், 1961-இல், தைப்பிங் மிருகக்காட்சி சாலை தோன்றியது. 1963-இல் கோலாலம்பூருக்கு அருகே உலு கிள்ளானில் தேசிய மிருகசாலையைத் துங்கு அப்துல் ரகுமான் திறந்து வைத்தார். 1973-இல் சிங்கப்பூர் மண்டாயில் கம்பிகள் குறைந்த புதிய மாதிரி மிருகசாலை திறக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் இவ்வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன என்பது தற்செயல் அன்று. குடிமக்கள் என்று ஒரு கூட்டம் ஏற்பட்ட பிறகே குடிமக்களுக்கான காட்சியும் ஏற்படுகின்றது.

பினாங்குத் தீவிலே தைப்பிங்கைப் போன்ற பெரிய மிருகசாலை இல்லை. ஆயினும், 1884-இல் சார்லஸ் கர்டிஸ் என்பவர் அருவிக்கரையில் அமைத்த தாவரத் தோட்டம் இருக்கின்றது. அங்கே குரங்குகள் கூண்டில்லாமலே உலவுகின்றன. 1910-இல் அத்தோட்டத்தை நீர்த்தேக்கமாக்கிவிடத் திட்டமிட்டு நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். அத்திட்டம் நிறைவேறாமல், 1912-இல் தோட்டம் திரும்பக் கிடைத்தது. அன்று திட்டம் நிறைவேறியிருந்தால், ஏழைக்கும் செல்வனுக்கும் பொதுவான ஒரு நிழல் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் நம்மவரில் எத்தனை பேர், அருகிலேயே உள்ள அத்தோட்டத்தை மற்றொரு நாளில் போய்க் கண்டிருக்கின்றனர்?

நாளும் காசும்

தோட்டக்காட்டில் நம் முன்னோர்க்கு இவ்விரண்டும் எவ்வாறு இருந்தன? 1910-இல் இந்தியக் கூலி ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது. 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் சர்க்கார் விதித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நாள் உழைத்தால் 90 காசு. சில ஆண்டுகளுக்குள் உலக வியாபாரம் வீழ்ந்தபோது அதுவும் குறைந்தது. அந்தக் காசில் அரிசி வாங்குவதா, ஊருக்கு அனுப்புவதா, கடன் தீர்ப்பதா, ரயில் ஏறிச் சிங்கத்தைப் பார்ப்பதா? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுமுன் மரம் சீவி முடிக்க வேண்டியவர்க்கு, பட்டணம் போய்வர ஒரு முழு நாள் எங்கே கிடைக்கும்? வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதை இந்நாட்டில் உறுதி செய்த வேலைச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டு, 1957-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் ஆலைத் தொழிலாளருக்கு 1891-ஆம் ஆண்டுச் சட்டமே வார ஓய்வைக் கொடுத்தது.

ஆகவே, ஓய்வு நாள் என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததும் அன்று. தொழிலாளர் கேட்டு, வாதாடி, சட்டமாக்கிக் கொண்ட உரிமை. அவ்வாறு பெற்ற நாளைக் கள்ளுக்கடையிலும் சீட்டாட்டத்திலும் இழப்பவன், தன் பாட்டன் சேர்த்த சொத்தைச் சூதில் வைப்பவனுக்கு ஒப்பாவான்.

கடைசி வாயில்

நாளும் கிடைத்தது, காசும் ஓரளவு கிடைத்தது. இனி மூன்றாவது கேள்வி: யார் போவது? இதற்கு விடை சொல்ல வேண்டியவர் அரசரும் அல்லர், சர்க்காரும் அல்லர், நாமே. அரசர் வாயில் திறந்துவிட்டது; அங்கத்தினர் வாயில் திறந்துவிட்டது; நம் வீட்டு வாயில் ஒன்றுதான் பாதி திறந்து நிற்கின்றது.

பல வீடுகளில் உல்லாசப் பிரயாணம் எவ்வாறு நடக்கின்றது? போகும் நாளைக் கணவன் தீர்மானிக்கின்றான். மனைவி முன்னிரவில் புளி கரைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, பாத்திரங்களை மூட்டை கட்டுகின்றாள். அங்கே போனதும் மூட்டைக்குக் காவலாக மரத்தடியில் உட்காருகின்றாள். மற்றவர்கள் யானையைப் பார்த்துத் திரும்பியதும் பரிமாறுகின்றாள். மாலையில் வீடு திரும்பியதும் பாத்திரம் துலக்குகின்றாள். ஊருக்கு ஓய்வு நாள். அவளுக்கு இரட்டை வேலை நாள்! வயது முதிர்ந்த பாட்டியோ, ‘உங்களுக்கு நடக்க முடியாது’ என்று வீட்டிலேயே விடப்படுகின்றாள். ஒரு காலத்தில் இதே பாட்டி 40 காசுக்கு மரம் சீவியவள். காட்டை அழித்த கையில் அவள் கையும் ஒன்று. அவள் அல்லவா முதலில் புலியைக் காண உரியவள்?

திட்டமிடும் முறை

ஆதலின், திட்டமிடுதல் என்பது வண்டி பேசுவதும் சோறு கட்டுவதும் மட்டும் அன்று. எல்லோருக்கும் அந்நாள் ஓய்வு நாளாகும்படி வேலையைப் பங்கிடுதலே திட்டமிடுதல். ஜெலுத்தோங்கில் ஒரு குடும்பத்தார் தைப்பிங்குக்குப் போக எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு முன்னரே எல்லோரும் கூடிப் பேசட்டும். நாளைத் தாய் சொல்லட்டும். அவளுடைய வேலையும் ஒரு வேலை அல்லவா? காணவேண்டிய விலங்குகளைப் பிள்ளைகள் சொல்லட்டும். சம்பள நாளில் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்தால், பிறகு கடன் வாங்க வேண்டா. வெங்காயம் அரிவதும் அரிசி களைவதும் ஆண் கைக்கு இழிவல்ல. அதற்கும் நேரமில்லையென்றால், ரொட்டியும் பழமும் போதும்; ஒரு நாள் சோறில்லாமல் யாரும் இளைத்துவிட மாட்டார்கள்.

வழியும் ஒரு பாடமே. முன்னாளில் தோணியும் படகும் ஏறித்தான் கரை கடக்க வேண்டும். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. ஜெலுத்தோங்குக்கு அது மிக அருகில் இருக்கின்றது. ரயிலில் போவோர் பட்டர்வொர்த்தில் ஏறித் தைப்பிங்கில் இறங்கலாம். தைப்பிங்கில் இறங்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: மலாயாவின் முதல் ரயில் பாதை, 1885-இல் அவ்வூரிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய எட்டு மைல் பாதையே, அதை இட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் படையினர். தைப்பிங் மழைக்குப் பேர் போன ஊர். ஆதலால் குடை கட்டாயம் வேண்டும். காலையிலேயே போய்ச் சேருவதும் நலம். வெயில் ஏறினால் புலியும் கரடியும் நிழலில் படுத்துவிடும். காலை வேளையில்தான் அவை உலாவும்.

எல்லாக் கூண்டையும் ஓடி ஓடிப் பார்த்து முடிப்பது வேலைக் கணக்கு. ஓய்வின் கணக்கு அன்று. பத்து விலங்குகளை நின்று நிதானமாகப் பார்த்தால் போதும். இது எங்கே வாழும்? எதை உண்ணும்? ஏன் இதற்கு வரி? ஏன் அந்தத் தாபிருக்கு முன்பாதி கறுப்பு, நடுவே வெள்ளை? பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், பலகையில் எழுதியிருப்பதைச் சேர்ந்து படியுங்கள். அதிலும் இல்லாவிட்டால், காவல்காரரைக் கேளுங்கள். கல்லெறிவதும், கூச்சலிடுவதும், தின்பண்டம் வீசுவதும் வேண்டா. குரங்குக்குக் கடலை போடுவது புண்ணியம் என்பார்கள். அது புண்ணியமன்று, அதைத் திருடக் கற்பிப்பதே ஆகும். பெரியவர்கள் முறை வைத்து மூட்டைக்குக் காவல் இருக்கட்டும். பாட்டி ஒரு பெஞ்சியில் அமர்ந்து யானையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அவளை யாரும் அவசரப்படுத்த வேண்டா.

திரும்பி வந்த பிறகு இரவில் ஒரு கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து, யார் யார் என்னென்ன கண்டார்கள் என்று பேசுங்கள். கடைசியில் தாயைக் கேளுங்கள்: ‘அம்மா, நீ என்ன பார்த்தாய்?’ என்று. ‘நான் எதைப் பார்த்தேன், மூட்டையைத்தான் பார்த்தேன்’ என்று அவள் சொல்லுவாளாயின், அந்தக் குடும்பம் இன்னும் உயிர்க் காலேஜுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போகவேண்டும்.